பெயர் மாற்றம்: கெசட் யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

கேள்வி இதுதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் தமிழ்ச்செல்வி, இனிஷியல் ஆர். ஆதாரில் அதே தமிழ்ச்செல்வி, ஆனால் ஆங்கிலத்தில் வேறு எழுத்துகள், கூடவே கணவர் முருகன் பெயர். பான் கார்டில் அப்பா ராமசாமி பெயர் முழுதாக இருக்கிறது. கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். அவரிடம் போக பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். "மூணும் மூணு மாதிரி இருக்கு, கெசட்ல பேர் மாத்தினாத்தான் வேலை ஆகும், ஆறாயிரம் ஆகும்" என்கிறார் ஊரிலுள்ள ஏஜென்ட். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். உங்களுக்குக் கெசட்டே, அதாவது அரசிதழ் அறிவிப்பே, வேண்டாம். நீங்கள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரே பெயரை மூன்று அலுவலகங்கள் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். கெசட் போட்டால் "இதுவரை ஒரு பெயரில் இருந்தேன், இனி வேறு பெயரில் இருப்பேன்" என்று நீங்களே ஊரறிய எழுதிக் கொடுத்ததாக ஆகும். சும்மா இருந்த எழுத்துப்பிழை, பெயர் மாற்றமாகிவிடும். அப்புறம் போகிற இடமெல்லாம் அந்தக் காகிதத்தைக் காட்டி விளக்க வேண்டியிருக்கும்.

நோட்டரி அலுவலகத்தில் உட்கார்ந்து அஃபிடவிட் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. பெயர் விஷயமாக வருகிறவர்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: மாற்றமா, திருத்தமா, இனிஷியல் விவகாரமா? மூன்றையும் ஊரில் "பேர் மாத்தறது" என்றே சொல்கிறார்கள். ஆனால் மூன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு, செலவு வேறு. முத்துலட்சுமி என்பவர் முத்துலெட்சுமி என்று பதிவாகியிருந்தால் அது திருத்தம். 'கே. முத்துலட்சுமி'யின் கே கருப்பையா என்று விரிந்தால் அது இனிஷியல். முத்துலட்சுமி, கயல்விழி ஆக விரும்பினால் அதுதான் மாற்றம். கெசட் இந்த மூன்றாவது வகைக்குத்தான்.

உங்கள் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன்.

கையில் உள்ள ஆவணங்களில் எதை அசைக்கவே முடியாதோ, அதைத் தலையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஏற்றபடி கொண்டுவர வேண்டும். பத்தாவது முடித்த யாருக்கும் தமிழ்நாட்டில் அது எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ்தான். அரசுத் தேர்வுகள் துறை அதில் திருத்தம் செய்யும். ஆனால் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு மாதிரியும் சான்றிதழில் வேறு மாதிரியும் இருந்தால்தான். பள்ளிப் பதிவேடும் சான்றிதழும் ஒத்துப்போகிறது, எனக்குத்தான் இப்போது வேறு எழுத்து பிடித்திருக்கிறது என்றால் கதவு திறக்காது. மற்ற ஆவணங்கள் அப்படி இல்லை. ஆதார், பான், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு எல்லாமே வளைந்து கொடுக்கும்.

உங்கள் சான்றிதழில் தமிழ்ச்செல்வி, இனிஷியல் ஆர். பான் கார்டில் தமிழ்ச்செல்வி ராமசாமி. ஆங்கில எழுத்துகள் இரண்டிலும் ஒன்றுதான் என்கிறீர்கள். அப்படியானால் ஆர் என்பது ராமசாமி என்று பான் கார்டே சொல்கிறது, முரண்பாடு எதுவும் இல்லை. விலகி நிற்பது ஆதார் மட்டும். அதைத் தமிழ்ச்செல்வி ராமசாமி என்று பான் கார்டில் உள்ள எழுத்துகளிலேயே மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. பான் கார்டே ஆதாரமாகப் போதும். ஆதார் சேவை மையத்துக்கு அசல் அட்டையை எடுத்துப் போங்கள்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்தபோது ஒரு முறை போயிருக்கும். மிச்சம் இருப்பது ஒன்று. அதனால் மையத்தில் தட்டச்சு செய்பவர் திரையைக் காட்டும்போது அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படியுங்கள். ஆங்கிலத்தில் அடித்ததும் மென்பொருள் தானாகவே தமிழாக்கிக் கீழே காட்டும். அங்கேதான் தமிழ்ச்செல்வி 'தமில்செல்வி' ஆவதும், அழகு 'அலகு' ஆவதும். தமிழ்ப் பகுதியையும் திருத்தச் சொல்லலாம், அது உங்கள் உரிமை. கையில் வரும் ஒப்புகைச் சீட்டிலும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும்.

பான் கார்டு இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆதார் ஆணையமே ஒரு சான்றிதழ் படிவம் வைத்திருக்கிறது. அதில் புகைப்படம் ஒட்டி, அ பிரிவு கெசட்டட் அதிகாரி, தாசில்தார், எம்.எல்.ஏ., எம்.பி. போன்றவர்களிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். முத்திரை பாதிப் புகைப்படத்தின் மேலும் பாதி காகிதத்தின் மேலும் விழ வேண்டும். படத்தைத் தொடாமல் ஓரமாகக் குத்திய முத்திரையோடு போய்த் திரும்பி வந்தவர்கள் நிறைய.

அடுத்தது பாஸ்போர்ட். அதில் இனிஷியலுக்கு இடம் கிடையாது. கொடுத்த பெயர் என்று ஒரு கட்டம், குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நம் ஊர்க்காரர்கள் முதல் கட்டத்தில் தன் பெயரையும் இரண்டாவதில் அப்பா பெயரையும் விரித்து எழுதுகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கணவர் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டால்தான் விசா கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள், நம்ப வேண்டாம். கணவர் பெயருக்குப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தனி இடம் இருக்கிறது. நீங்கள் அவருடைய மனைவி என்பதைக் காட்டப் போவது திருமணப் பதிவுச் சான்றிதழ். அதிலும் உங்கள் பெயர் இதே எழுத்துகளில் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இன்னும் பதிவே செய்யவில்லை என்றால் முதல் வேலை அதுதான். 2009-ஆம் ஆண்டு சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத்தவரானாலும் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். 90 நாள் கெடு. தாமதமானால் என்ன நடைமுறை என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவில் விடலாம். ஆனால் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒரு அறிவிப்பு விட்டது: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதி இல்லை. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்ற பொருளில் மூன்று எழுத்து விழும். அந்த மூன்றெழுத்தையே பெயராக வைத்துக்கொண்டு அங்கே வங்கிக் கணக்கு வரைக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். கட்டம் இருக்கிறது, நிரப்பிவிடுங்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழைப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு மறக்காமல் காட்டுங்கள். 2023 அக்டோபர் 1-க்கு முன் பிறந்தவர்களுக்கு அது பிறந்த தேதிக்கு ஆதாரம். அதோடு, பத்தாவது தேறியவர்களுக்குக் குடியேற்ற அனுமதி (சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம் அரசிடம் வாங்க வேண்டிய அனுமதி) தேவைப்படாத பாஸ்போர்ட் தருவார்கள். அமீரகம், அந்த அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் உள்ளது. பின்னாளில் நீங்களும் அங்கே வேலைக்குச் சேர நினைத்தால் இது உதவும். சான்றிதழின் பெயரைத் தலையாக வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, உங்கள் வேலை முடிந்தது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது.

முதலில் இனிஷியல். இந்தியாவின் மற்ற பகுதிகளில் குடும்பப் பெயராகச் சாதிப் பெயரும் ஊர்ப் பெயரும் நிற்கும் இடத்தில் நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து நிற்கிறது. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், பலர் அங்கேயே விட்டார்கள். அதற்கும் முன்பே வேதாசலம் மறைமலை ஆகியிருந்தார், சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆகியிருந்தார். யாரும் எந்த அலுவலக வாசலிலும் நிற்கவில்லை. அன்றைக்கு ஒருவருக்குப் பன்னிரண்டு அட்டைகள் கிடையாது.

இப்போது இனிஷியலால் வரும் தலைவலி, அது முன்னால் வருமா பின்னால் வருமா, விரியுமா விரியாதா என்பதுதான். பான் கார்டில் இனிஷியல் எடுபடாது, விரித்தே எழுத வேண்டும். அதில் தந்தை பெயர் என்ற இடத்தில் கல்யாணமான பெண்களும் தந்தை பெயரைத்தான் போட வேண்டும், கணவர் பெயரை அல்ல. வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் ஆதாரில் இருப்பது அப்படியே வந்துவிடுகிறது. என் யோசனை இதுதான்: அரசு அட்டைகள் அனைத்திலும் பெயர் முதலில், அப்பா அல்லது அம்மா பெயர் விரிவாகப் பின்னால் என்ற ஒரே வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகையிலும் வீட்டு வாசல் பலகையிலும் பிடித்தபடி இனிஷியலை முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

இனிஷியல் அப்பா பெயராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. தமிழ்நாட்டில் அம்மா பெயரின் முதல் எழுத்தையும் போடலாம். பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பர் முதல் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். தந்தை இறந்தபின் குழந்தை எந்தக் குடும்பப் பெயரைத் தாங்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு ஆந்திர வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் தயங்கினால் இதைச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. கல்யாணமானால் இனிஷியலை மாற்றியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாற்ற விரும்பினால் திருமணச் சான்றிதழே போதும், கெசட் வேண்டாம். பான் திருத்தத்துக்கான ஆவணப் பட்டியலில் கல்யாணப் பத்திரிகைக்கே இடம் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆனால் என்னிடம் யோசனை கேட்கும் பெண்களுக்கு நான் மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒருமுறை மாற்றினால் பன்னிரண்டு இடத்தில் மாற்ற வேண்டும், படிப்புச் சான்றிதழ் மட்டும் பழைய பெயரிலேயே நிற்கும். விவாகரத்து என்று வந்துவிட்டால் மறுபடி தீர்ப்பு நகலோடு அந்தப் பன்னிரண்டு இடத்துக்கும் அலைய வேண்டும்.

குழந்தைகள் விஷயம் எளிது, தள்ளிப் போடாமல் இருந்தால். பிறப்புப் பதிவில் பெயர் இல்லாமல் சான்றிதழ் வாங்கியிருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-இலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த தேதி, பிறந்த இடம் இரண்டுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டத் திருத்தமே வந்துவிட்டது. அதாவது அவர்களுக்கு எஸ்.எஸ்.எல்.சி. இனித் தலை ஆவணம் அல்ல. மருத்துவமனையிலிருந்து போன தகவலில் அம்மா பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் 1969-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்கீழ் பதிவாளரே திருத்தலாம். குழந்தைக்கு ஆதார் எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

இப்போது உண்மையான பெயர் மாற்றத்துக்கு வருவோம்.

இந்தியாவில் 'பெயர் மாற்றச் சட்டம்' என்று ஒன்று இல்லை. நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்கவும் தேவையில்லை. நீங்கள் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், அதை எல்லோருக்கும் தெரியும்படி அரசிதழில் அறிவிக்கிறீர்கள். தமிழ்நாட்டில் பிறந்தவர்களோ இங்கே குடியிருப்பவர்களோ அணுக வேண்டியது எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை. சென்னை அண்ணா சாலை 110-இல் இயக்குநரகம் இருக்கிறது. விண்ணப்பம் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கிறது. அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்க்குள்தான், தமிழில் வெளியிட்டால் இன்னும் குறைவு. ஏஜென்ட் கேட்கும் ஆயிரங்களில் அரசுக்குப் போவது அந்தச் சில நூறு மட்டும்.

விண்ணப்பத்தில் கேட்பவை: பழைய பெயர், புதிய பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி, மாற்றத்துக்குக் காரணம். பழைய பெயரில் ஒரு கையெழுத்து, புதிய பெயரில் ஒரு கையெழுத்து. புகைப்படத்திலும் விண்ணப்பத்திலும் நோட்டரி அல்லது உரிய அதிகாரியின் சான்றொப்பம். பிறந்த தேதிக்கும் பழைய பெயருக்கும் ஆதாரம். மதம் மாறியதால் பெயர் மாறினால் அதற்கான சான்று, தத்து என்றால் பதிவு செய்த தத்துப் பத்திரம், மணமுறிவு என்றால் தீர்ப்பு நகல். 18 வயதுக்குக் கீழ் என்றால் தாயோ தந்தையோ பாதுகாவலரோ கையெழுத்துப் போட வேண்டும். காரணம் என்ற இடத்தில் கதை எழுத வேண்டாம். 'சொந்த விருப்பம்' என்பதே போதுமான காரணம்.

ஒருமுறை அரசிதழின் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவைத் திறந்து பாருங்கள், இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. புதன்கிழமை தேதியிட்டு வரும். பக்கம் பக்கமாக ஒரே வாய்பாடு: இன்னார் மகன், இன்ன தேதியில் பிறந்த, இன்ன மாவட்டத்தைச் சொந்த மாவட்டமாகக் கொண்ட, இன்ன முகவரியில் வசிக்கும் நான், இனி இன்ன பெயரால் அறியப்படுவேன். கீழே ஊர், தேதி, பழைய பெயர். பட்டியலின் தலைப்பில் ஒரு எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். பெயர் மாற்ற அறிவிப்பை வெளியிடுவதால் அரசு எந்தச் சட்டப் பொறுப்பும் ஏற்கவில்லை, அறிவிப்பவரே சட்ட விளைவுகளுக்கும் பொய்த் தகவலுக்கும் முழுப் பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. கெசட்டில் வந்துவிட்டால் அரசாங்கமே பெயர் வைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அரசு வைக்கவில்லை, நீங்கள் சொன்னதை அச்சடித்திருக்கிறது. அதைக் காட்டி ஒவ்வொரு ஆவணத்தையும் மாற்றும் வேலை இனிமேல்தான் ஆரம்பம். பழைய கடன், பழைய வழக்கு எதுவும் புதுப்பெயரால் கழியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கில எழுத்தை முடிவு செய்துவிட்டுத்தான் விண்ணப்பத்தையே கையில் எடுக்க வேண்டும். நம் 'ழ'வுக்கு 'எல்' போடுவதா, 'இசட் எச்' போடுவதா. 'த'வுக்கு 'டி' மட்டுமா, 'எச்' சேர்த்தா. 'ச'வுக்கு 'எஸ்'ஸா, 'சி எச்'சா. கடைசியில் 'ஏ' ஒன்றா இரண்டா. இதில் சரி, தவறு எதுவும் இல்லை. ஒன்றை முடிவு செய்து சாகும்வரை அதையே எழுத வேண்டும், அதுதான் விதி. வெளிநாடு போகும் யோசனை இருந்தால் அறிவிப்பை ஆங்கிலத்தில் போடுங்கள். தமிழில் மட்டும் போட்டால் ஆங்கில எழுத்துகள் எவை என்ற கேள்வி அடுத்த அலுவலகத்தில் மறுபடி முளைக்கும். அச்சானதும் முதல் நாளே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அச்சுப்பிழை இருந்தால் உடனே எழுதுங்கள், நாள் கடந்தால் திரும்பப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

நியூமராலஜி பற்றியும் இரண்டு வார்த்தை. அந்தப் பக்கங்களைப் புரட்டினால் ஒரு 'ஏ' கூடியதும், ஒரு 'எச்' நுழைந்ததும், கடைசி 'ஆர்' இரட்டித்ததுமாக நிறையப் பெயர்கள். நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் வீட்டில் கூப்பிடவும், விசிட்டிங் கார்டில் போடவும், கையெழுத்தை நீட்டவும் கெசட் வேண்டியதில்லை. அதிர்ஷ்ட எழுத்தை ஆவணங்களில் ஏற்றினால், அந்த ஒரு எழுத்துக்காக வங்கிக் கடன் நாலு வாரம் நிற்கும். அதிர்ஷ்டம் சொன்னவர் அப்போது கூட வரமாட்டார்.

கெசட் வந்தபிறகு எந்த வரிசையில் போவது? முதலில் ஆதார். முழுப்பெயர் மாற்றத்துக்கு ஆதார் ஆணையம் கெசட் நகலோடு பழைய பெயரில் உள்ள ஒரு புகைப்பட அடையாள அட்டையையும் கேட்கும். அதனால் பழைய வாக்காளர் அட்டையையோ ஓட்டுநர் உரிமத்தையோ அவசரப்பட்டு முதலிலேயே மாற்றிவிடாதீர்கள். ஆதாருக்கு அடுத்து பான். இரண்டிலும் பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் இணைப்பே நடக்காது, வருமான வரிக் கணக்கும் சிக்கும். பிறகு வங்கி, அப்புறம் பாஸ்போர்ட். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. வருங்கால வைப்பு நிதியில், 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு எண் வாங்கி ஆதாரோடு சரிபார்த்தவர்கள் 2025 ஜனவரியிலிருந்து நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமலே பெயரைத் திருத்திக்கொள்ளலாம். பழைய எண்காரர்கள் நிறுவனம் வழியாகக் கூட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டும்.

படிப்புச் சான்றிதழ்களை மாற்ற முடியுமா என்பதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. மத்திய வாரியமான சி.பி.எஸ்.இ. பல வருடம் முடியாது என்றே சொல்லி வந்தது. 2021 ஜூன் 3-இல் ஜிக்யா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருவரின் பெயர் அவரது கருத்துரிமையின் பகுதி, அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு அதைக் காக்கிறது என்று தீர்ப்பளித்தது. வாரியம் நியாயமான நிபந்தனைகள் விதிக்கலாம், முழுதாக மறுக்க முடியாது. மாநில வாரியச் சான்றிதழுக்காக இந்தத் தீர்ப்பைக் காட்டி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் பெரும்பாலோருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. சான்றிதழில் பழைய பெயர், கூடவே கெசட் பிரதி, இரண்டும் சேர்ந்தால் வேலைவாய்ப்பிலும் மேற்படிப்பிலும் ஏற்கிறார்கள். கெசட் பக்கத்தைப் பதிவிறக்கி மின்னஞ்சலில் போட்டு வையுங்கள், அச்சுப் பிரதியை லேமினேட் செய்யாதீர்கள். சில இடங்களில் பின்புறம் சான்றொப்பம் போட வேண்டியிருக்கும், லேமினேட் மேல் மை ஒட்டாது.

அரசு ஊழியர்கள் அலுவலகத்தில் சொல்லாமல் கெசட் போட்டுவிட்டு வந்து மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் துறை வழியாக எழுதுங்கள், பணிப்பதிவேட்டில் பதிவாகாத பெயரில் ஓய்வூதியம் வராது. மத்திய அரசு ஊழியர்களுக்கு டெல்லியில் வெளியாகும் இந்திய அரசிதழ். அதற்கு நாளிதழ் விளம்பரம், சாட்சிகள் என்று நடைமுறையும் கட்டணமும் கூடுதல். தனியார் வேலையிலுள்ள தமிழ்நாட்டுக்காரர் அங்கே போக வேண்டியதில்லை.

திருநங்கையர், திருநம்பியருக்கு வேறு பாதை இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழைத் தலை ஆவணமாக வைத்துப் பெயரையும் பாலினத்தையும் மற்ற ஆவணங்களில் மாற்றலாம். இதற்கான விண்ணப்பம் தேசிய இணையதளத்தில் உள்ளது. ஆட்சியர் அலுவலகத்தில் கெசட் கேட்டால் சட்டப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

மதம் மாறிப் பெயரும் மாற்றுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பெயர் மாறுவதால் சாதிச் சான்றிதழ் தானாக மாறாது. ஆனால் மதம் மாறியது கெசட்டில் பதிவானால் அதற்கு விளைவு உண்டு. பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறியவர்களுக்கு 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இல்லை. தமிழ்நாட்டில் கிறித்தவர்களாக மாறிய ஆதிதிராவிடர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கையில் இது வந்து நிற்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாகச் சொத்து. பெயர் மாறியதற்காகக் கிரயப் பத்திரத்தைத் திருத்த வேண்டாம். வாங்கியபோது உங்கள் பெயர் அதுதான், பத்திரம் சொல்வது உண்மைதான். எழுதும்போதே எழுத்துப்பிழை விழுந்திருந்தால் மட்டும், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுவிடுங்கள். அவர் போய்விட்டால் வாரிசுகள் எல்லோரையும் கூட்டி வர வேண்டும். பின்னால் விற்கும்போது கெசட் விவரத்தைக் குறிப்பிட்டு 'முத்துலட்சுமி என்கிற கயல்விழி' என்று பத்திர எழுத்தர் சேர்த்துக்கொள்வார். பட்டாவிலும் வில்லங்கச் சான்றிலும் பழைய பெயரே இருக்கும் என்பதால் அந்த 'என்கிற' அவசியம். ஆயுள் காப்பீடு, வங்கி வைப்பு இவற்றில் உங்கள் பெயரோடு நாமினி பெயரையும் பாருங்கள். பெயர் மாறியவர் மனைவி என்றால் கணவரின் பாலிசியில் நாமினியாக இன்னும் பழைய பெயர்தான் இருக்கும். அதற்கு ஒரு கடிதமும் கெசட் நகலும் போதும், பாலிசிதாரர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.